இளவரசன் என்று தெரியும்வரை

மாயக் கதைகளும் வீரசாகசக் கதைகளும் நம் இளைஞரைக் கெடுத்துவிட்டன என்றொரு புகாரை நாம் நெடுநாளாகக் கேட்டு வருகிறோம். அன்பியக் கூட்டத்திலும் பங்குப் பேரவையிலும், திருமணத் தயாரிப்பு வகுப்பு முடிந்து பெற்றோர் கூடி நிற்கும் வேளையிலும் இப்புகார் எழாமல் இருப்பதில்லை. ஏழு கடல் தாண்டி வந்து இளவரசியை மீட்கும் நாயகனைப் பார்த்துப் பார்த்தே பெண்பிள்ளைகள் பெற்றோர் சொல்லை மீறுகிறார்களாம். அரக்கனின் உயிர் கிளிக்குள் இருப்பதாக நம்பிய வயதிலேயே 'உண்மைக் காதல்' என்னும் மயக்கமும் நெஞ்சில் குடியேறிவிடுகிறதாம். காந்திபுரம் பேருந்து நிலையத்தில் இரவு வண்டி ஏறும் ஒவ்வோர் இணைக்குப் பின்னாலும் இப்படி ஒரு கதை இருக்கிறதாம்.

இக்கதைகள் நம்மைக் கெடுத்தன என்பதை நாமும் ஏற்கிறோம். ஆனால் கெட்டுப்போனவர்கள் பிள்ளைகள் என்பதை ஏற்க மாட்டோம். கெட்டவர்கள் பெரியவர்கள். சண்டையெல்லாம் ஓய்ந்து, வாள் உறைக்குள் சென்ற பிறகு, கதையின் கடைசி நாழிகையில் எவரோ ஒருவர் மெல்ல எடுத்து நீட்டுகிறாரே ஒரு பிறப்புச் சான்று, அதுதான் நம்மைக் கெடுத்தது.

எடுத்துக்காட்டுத் தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. தமிழ்த் திரையின் சாகசக் கதைகள் பல நம் கோவை மண்ணிலேயே உருவாயின. திருச்சி சாலையில் சென்ட்ரல் ஸ்டூடியோவும் புலியகுளத்தில் பட்சிராஜா ஸ்டூடியோவும் இயங்கிய நாள்களில் ஆரியமாலா (1941), ஜகதலப்பிரதாபன் (1944), ராஜகுமாரி (1947), மர்மயோகி (1951), மலைக்கள்ளன் (1954) என ஒன்றன்பின் ஒன்றாக இங்கிருந்து புறப்பட்டன. எம்.ஜி.ஆர். முதன்முதலாக நாயகனாக நடித்த ராஜகுமாரியை இயக்கிய ஏ.எஸ்.ஏ. சாமி, அருள் சூசை அந்தோணி சாமி என்னும் தம் பெயரைச் சுருக்கிக்கொண்டவர் என்பதை நம் வாசகருள் எத்தனை பேர் அறிவர்? ஜகதலப்பிரதாபன் கதையைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். அதன் நாயகன் தேடிப் புறப்படுவது ஒரு பெண்ணை அன்று, நால்வரை! அதனை உண்மைக் காதல் என்று சொல்ல நமக்கு நாக் கூசுகிறது.

மலைக்கள்ளனோ அப்படிப்பட்டதன்று. நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை எழுதிய புதினம் அது. நம் கொங்குச் சீமையின் எழுத்து. பட்சிராஜாவின் ஸ்ரீராமுலு நாயுடு அதைப் படமாக்கி, குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கத்தைத் தமிழுக்கு வாங்கித் தந்தார். கதை யாவரும் அறிந்ததே. செல்வர் வீட்டு மகள் பூங்கோதை தீயவர்களால் கவர்ந்து செல்லப்படுகிறாள். மலையில் மறைந்து வாழும் கள்வன் ஒருவன் அவளை மீட்கிறான். ஊராரால் அஞ்சப்படுபவன், காவலரால் தேடப்படுபவன், அப்துல் ரஹீம் என்ற வணிகனாகவும் நடமாடுபவன். இத்தகையவனிடம் அப்பெண் தன் நெஞ்சைக் கொடுக்கிறாள். அவன் யார், எவர் மகன் என்று அவளுக்குத் தெரியாது. தெரியாமலே கொடுக்கிறாள். சாகசக் கதை தரக்கூடிய மிக உயர்ந்த கணம் அதுதான். ஊர், குலம், பெயர், சமயம் என்ற போர்வைகள் அனைத்தையும் விலக்கிவிட்டு ஒருவர் மற்றொருவரைக் காண்கிறார்.

பிறகு என்ன ஆயிற்று? முகமூடி கழன்றது. கள்வன் வேறு யாருமல்லன், பல்லாண்டுகளுக்கு முன் காணாமற்போன குமாரவீரன் என்று தெரிகிறது. பூங்கோதை வீட்டிலேயே வாழும் அத்தையின் ஒரே மகன்! முறைப்பையன்! கொங்கு நாட்டில் இதனினும் பாதுகாப்பான மாப்பிள்ளை உண்டோ? அரங்கம் முழுவதும் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருக்கும். அந்தப் பெருமூச்சைத்தான் நாம் இங்கே கேள்விக்குள்ளாக்குகிறோம். இரண்டரை மணி நேரம் கள்வனை நேசித்த பெண்ணுக்காகக் கைதட்டியவர்கள், அவன் கள்வனாகவே, ஊர்பேர் தெரியாதவனாகவே இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள்?

இது ஒரு படத்தின் குறையாக இருந்தால் நாம் இத்துணை தூரம் வாதாட மாட்டோம். 1924-இல் அமெரிக்காவில் டக்ளஸ் ஃபேர்பேங்ஸ் நடித்த பாக்தாத் திருடன் படத்தின் நாயகன் மெய்யாகவே திருடன். இளவரசன்போல் வேடமிட்டு அரண்மனைக்குள் நுழைந்தவன், அன்பு மனத்தில் புகுந்ததும் தான் திருடன் என்று தானே ஒப்புக்கொள்கிறான், கசையடி படுகிறான், பின்பு பயணத்தாலும் துணிவாலும் தன்னைத் தகுதியுடையவன் ஆக்கிக்கொள்கிறான். அதே தலைப்பில் 1960-இல் நம்மிடையே வெளிவந்த தமிழ்ப் படத்திலோ திருடனாக வளர்ந்தவன் இழந்த அரியணைக்கு உரிய வாரிசு! அங்கே திருடன் திருந்தினால் போதுமானதாயிற்று. இங்கே அவன் பிறப்பையும் திருத்த வேண்டியதாயிற்று.

திரைப்படக்காரர்களை மட்டும் குறை கூறுவது நேர்மையன்று. அவர்களுக்கு முன்பே கதைப்பாடல்கள் இவ்வழியைப் போட்டு வைத்துவிட்டன. மதுரை வீரனை எடுத்துக்கொள்வோம். அருந்ததியர் குடிசையில் வளர்ந்தவன், பாளையக்காரரான பொம்மண்ண நாயக்கரின் மகள் பொம்மியை மணக்கிறான். கேட்பவர் நெஞ்சு பதறாதிருக்கக் கதை என்ன செய்கிறது? அவன் காசி மன்னனுக்குப் பிறந்தவன், கொடி சுற்றிப் பிறந்ததால் காட்டில் விடப்பட்டவன் என்று முன்கூட்டியே நம் காதில் ஓதிவிடுகிறது. ஆரியமாலையை நேசித்துக் கழுமரம் ஏறிய காத்தவராயனுக்கோ தெய்வப் பிறப்பே வாய்த்துவிடுகிறது. கழுவில் ஏற்றியவர்களை வரலாறு மன்னித்துவிடும். கழுவேறியவன் மனிதனாகப் பிறந்ததை மட்டும் மன்னிக்காது போலும்!

இவற்றுள் நம்மை மிகவும் உலுக்குவது முத்துப்பட்டன் கதை. பொதிகை மலைச் சாரலில் வழங்குவது, இங்கிருந்து தொலைவுதான். அந்தணனான பட்டன், சக்கிலியர் குலத்துப் பெண்களான பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் விரும்புகிறான். (இங்கும் இருவர்! கதைப்பாடகர்களுக்கு ஒருவர் போதாது.) அவர்களுடைய தந்தை வாலப்பகடை சொன்ன நிபந்தனைக்கு இணங்கிப் பூணூலை அறுத்தெறிகிறான். தோல் தொழில் செய்கிறான். மாமனாரின் மாடுகளைக் கவர வந்தவர்களோடு போரிட்டு மாய்கிறான். இக்கதையில் எவருடைய பிறப்பு மறைபொருளும் வெளிப்படுவதில்லை. பட்டன் தன் பிறப்பை அறிந்தே அதனைக் கழற்றி வைக்கிறான். இந்த ஒரு கதையாவது தப்பிற்றே என்று நாம் மகிழ முடியவில்லை. அச்சுக்கு வந்தபோது அப்பெண்கள் உண்மையில் அந்தணக் குழந்தைகள், கைவிடப்பட்டுச் சக்கிலியரிடம் வளர்ந்தவர்கள் என்று கதை மாற்றப்பட்டது. இம்மாற்றத்தை நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் நா. வானமாமலை எடுத்துக்காட்டியிருக்கிறார். பாடியவன் சொன்னதை அச்சிட்டவனால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோய் என்றும் எண்ண வேண்டாம். 'அழகியும் விலங்கும்' என்ற பிரெஞ்சுக் கதையை 1740-இல் முதலில் எழுதிய வில்நெவ் அம்மையார், விலங்கு இளவரசனாக மாறிய பின்னும் நிம்மதி அடையவில்லை. வணிகன் மகள் எப்படி அரண்மனைக்கு மருமகள் ஆவது? ஆகவே அவளும் ஓர் அரசனுக்கும் தேவதைக்கும் பிறந்தவளே என்று பல பக்கங்கள் எழுதி வைத்தார். 1756-இல் அக்கதையைச் சுருக்கித் தம் மாணவியருக்குத் தந்த போமோன் அம்மையார் என்ற ஆசிரியை அப்பக்கங்களை அப்படியே நீக்கிவிட்டார். வணிகன் மகள் வணிகன் மகளாகவே நின்றாள். தன் நற்குணத்தாலேயே வென்றாள். இன்று உலகம் சொல்வது அந்த ஆசிரியையின் கதையைத்தான். ஒரு பொய் முடிச்சை வெட்டி எறிந்தால் கதை செத்துவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

நம்மை மறுத்துரைப்போர் ஒன்று கேட்கக்கூடும்: ஒடுக்கப்பட்டோர் தம் நாயகனுக்கு அரச குலம் கற்பித்தது அவனைப் பெருமைப்படுத்தத்தானே? அதைப் பறிப்பது கொடுமையாகாதா? இக்கேள்வியில் ஓரளவு நியாயம் உண்டு. தம் வீரனைத் தெய்வமாக்கிக் கும்பிடும் எளிய மக்களின் கண்ணீரை நாம் எள்ளவில்லை. ஆனால் அப்பெருமைக்குக் கொடுத்த விலை என்ன? பொம்மியின் தேர்வு சரியானதுதான், ஏனெனில் அவன் உண்மையில் அரசன் மகன் என்று முடித்தால், அவன் அருந்ததியர் மகனாகவே இருந்திருப்பின் அத்தேர்வு தவறு என்றாகிறது அல்லவா? காதல் வென்றதாகப் பாடிக்கொண்டே குலத்தை வெல்ல வைத்திருக்கிறோம்.

கதையில் இம்முடிச்சு அவிழ்வதற்கு எப்போதும் நேரம் கிடைக்கிறது. வாழ்க்கையில் கிடைப்பதில்லை. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில், பேருந்து நிலையத்துக்கு அருகே, பட்டப்பகலில், சாதி கடந்து மணந்து எட்டே மாதமான இளந்தம்பதியர் வெட்டப்பட்டனர். கணவர் இறந்தார், மனைவி காயங்களோடு உயிர் பிழைத்தார். கண்காணிப்புக் கருவியில் பதிவான அக்காட்சியை நாடே பார்த்தது. 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்கு மரண தண்டனை விதித்தது. 2020 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் பெண்ணின் தந்தையை விடுவித்து, மற்ற ஐவரின் தண்டனையை ஆயுள் தண்டனையாக்கியது. சட்டம் தன் வழியில் நடக்கட்டும். நாம் கேட்பது வேறு. தலித் இளைஞரான அக்கணவர் காணாமற்போன அத்தை மகன் என்று யாரேனும் வந்து சொல்ல வேண்டியிருந்ததா, அவர் உயிரோடு வாழ?

காந்திபுரத்தில் இரவு பத்து மணிக்கு மேல் சேலம் வண்டிக்குக் காத்து நிற்கும் இணைகளைப் பற்றிப் புகார் சொல்லும் பெரியவர்கள், அவர்கள் கைப்பையில் இருப்பது என்ன என்று எண்ணிப் பார்த்ததுண்டா? வயதை மெய்ப்பிக்கப் பள்ளி மாற்றுச் சான்றிதழ், ஆதார் அட்டை, இரண்டு உடை. ஏழு கடலுக்குப் பதிலாக ஒரு சார்பதிவாளர் அலுவலகம். அரக்கனுக்கு அஞ்சி அடைக்கலம் தேடும் முனிவர் குடிலுக்குப் பதிலாகக் காவல் கண்காணிப்பாளர் அலுவலக வராந்தா. அவர்களுள் அவசரப்பட்டவர்கள் உண்டு; ஏமாற்றுபவர்களும் ஏமாறுபவர்களும் உண்டு. பதினேழு வயது மயக்கத்தையெல்லாம் உண்மைக் காதல் என்று முடிசூட்ட நாம் வரவில்லை. ஆயினும் இருபத்திரண்டு வயதானவர்கள் சொந்த ஊரை விட்டு இருளில் ஓட வேண்டியிருப்பது கதைகளின் குற்றமா, கதையின் முடிவில் சான்றிதழ் கேட்கும் நம் குற்றமா?

இனி நம் திருச்சபைக்கு வருவோம். 1563 நவம்பரில் திரெந்து பொதுச்சங்கம் திருமணம் குறித்து ஆணை பிறப்பித்தபோது, பெற்றோர் இசைவின்றி நடக்கும் மணங்கள் செல்லாதவை என்று அறிவிக்கும்படி பிரெஞ்சு அரசின் தரப்பு வற்புறுத்தியது. சங்கம் மறுத்துவிட்டது. மறைவான மணங்களைத் திருச்சபை வெறுக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லி, அருள்பணியாளரும் சாட்சிகளும் முன்னிற்க வேண்டும், மும்முறை ஓலை வாசிக்க வேண்டும் என்று விதித்த அதே சங்கம், பெற்றோர் சம்மதமில்லை என்பதற்காகவே மணம் செல்லாது என்று கூறுவோரைக் கண்டனம் செய்தது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 1057-ஆம் எண், மணமக்களின் சம்மதமே மணத்தை உண்டாக்குகிறது, எந்த மனித ஆற்றலும் அதற்கு ஈடாகாது என்கிறது. 1103-ஆம் எண், வன்முறைக்கும் கடும் அச்சத்துக்கும் உட்பட்டுத் தரும் சம்மதம் செல்லாது என்கிறது.

நம் பங்குகளில் ஞாயிறு திருப்பலியின் முடிவில் ஓலை வாசிக்கப்படும்போது, தடை ஏதும் தெரிந்தவர் பங்குத்தந்தைக்குத் தெரிவிக்குமாறு கேட்கப்படுகிறோம். தடைகள் எவையெவை என்று சட்டம் எண்ணி வைத்திருக்கிறது. அப்பட்டியலில் சாதி இல்லை. இருப்பது என்ன தெரியுமா? நெருங்கிய இரத்த உறவு. அத்தை மகனை மணக்க வேண்டுமானால் ஆயரிடம் விதிவிலக்குப் பெற்றாக வேண்டும்! மலைக்கள்ளன் கதையின் முடிவில் அரங்கமே நிம்மதியடைந்ததே, அந்த இடத்தில்தான் திருச்சபைச் சட்டம் தடை என்று கை காட்டுகிறது. நாமோ அத்தை மகனுக்கு விதிவிலக்குக் கேட்டு விண்ணப்பம் எழுதுவோம். அடுத்த தெருவில் நம்மோடு ஒரே அப்பத்தில் பங்குபெறும் இளைஞனுக்குப் பெண் தர மாட்டோம். 'ஆர்.சி.' என்று எழுதி, அதன் பக்கத்திலேயே சாதிப் பெயரையும் எழுதும் மணமகள் தேவை விளம்பரங்களை நம் இல்லங்களிலிருந்தே அனுப்புகிறோம். உடுமலைப்பேட்டையில் குருதி சிந்திய அதே 2016-ஆம் ஆண்டின் டிசம்பரில், இந்திய ஆயர் பேரவை சாதிப் பாகுபாட்டைப் பெரும் சமூகப் பாவம் என்று அறிவித்துக் கொள்கை ஆவணம் வெளியிட்டது. அதை நம்முள் எத்தனை பெற்றோர் படித்தோம்?

கிறித்தவமே மறைந்திருந்த அரசரின் கதைதானே என்று நுட்பமான வாசகர் ஒருவர் இடைமறிக்கலாம். ஆம். ஆனால் அங்கே கதை செல்லும் திசையைப் பாருங்கள். அடிமை எனக் கருதப்பட்டவர் அரசர் என்று தெரிந்ததும் அன்பு அனுமதிக்கப்பட்டதாகத் திருத்தூதர் பவுல் பிலிப்பியருக்கு எழுதவில்லை. கடவுள் தன்மையில் விளங்கியவர் தம்மையே வெறுமையாக்கி அடிமையின் வடிவை ஏற்றார் என்றுதான் எழுதினார். தாவீதின் குலத்தவரான யோசேப்போ இறுதிவரை தச்சராகவே வாழ்ந்தார். எவரும் வந்து முடி சூட்டவில்லை. அவரைக் காப்பியத் தலைவராக்கி வீரமாமுனிவர் தேம்பாவணி பாடியபோதும், இரவோடிரவாகத் தாயையும் குழந்தையையும் எகிப்துக்கு அழைத்துச் சென்றதுதான் அவருடைய சாகசம். பூணூலை அறுத்த முத்துப்பட்டன், தான் அறியாமலே, மதுரை வீரனைவிட நற்செய்திக்கு அருகில் நிற்கிறான்.

விவிலியத்திலேயே முழுமையான மாயச் சாகசக் கதை ஒன்று உண்டு. தோபித்து நூல். வழிப்பயணம், மனித உருவில் உடன்வரும் வானதூதர், பின்னே ஓடிவரும் நாய், ஆற்றிலிருந்து பாயும் மீன், மணப்பெண்ணைப் பற்றிய பேய் எனக் குழந்தைகள் விரும்பும் எல்லாம் அதில் உள்ளன. நம்மை எதிர்ப்போர் இந்நூலைக் கையில் எடுத்துக்கொண்டு வருவார்கள் என்பதையும் அறிவோம். தன் குலத்திலேயே பெண்கொள்ளுமாறு தோபித்து மகனுக்கு அறிவுரை கூறுகிறார், சாராவும் உறவுக்காரிதான். இதோ, சொந்தத்தில் முடிப்பதற்கு இறைவாக்கே சான்று என்பார்கள். அயல்நாட்டுப் போர்களால் சிதறடிக்கப்பட்ட சிறுபான்மையினர் தம் நம்பிக்கையைக் காத்துக்கொள்ளச் சொன்ன சொல் அது. பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கனை விலக்கச் சொன்னதன்று. மோவாபியப் பெண் ரூத்தை ஆண்டவரின் குலவரிசையில் மத்தேயு பெயர் சொல்லிச் சேர்த்திருப்பதையும் அவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கதையைக் கவனித்துப் படிக்க வேண்டும். சாராவை முன்பே மணந்து முதலிரவிலேயே இறந்த எழுவரும் யார்? அவள் தந்தை இரகுவேலே சொல்கிறார்: அவர்கள் உறவினர்கள். ஏழு பேரும் முறைப்பையன்கள்! இரத்த உறவு அவர்களுள் ஒருவரையும் காப்பாற்றவில்லை. எட்டாவதாக வந்த தோபியா உயிரோடு எழுந்ததற்குக் காரணம், அச்சத்தோடே அந்த அறைக்குள் நுழைந்து, மனைவியை எழுப்பி, இருவருமாக மன்றாடியதுதான். தான் இவளை இச்சைக்காக ஏற்கவில்லை என்று அவன் இறைவனிடம் சொல்கிறான். மறைக்கல்வி வகுப்பில் நாம் மீனையும் நாயையும் சொல்லி முடித்துவிடுகிறோம். கோடை விடுமுறை விவிலியப் பள்ளியில் வளர்ந்த பிள்ளைகளுக்கேனும் இந்த அறையைச் சொல்ல வேண்டும். அதோடு, அறைக்கு வெளியே நடந்ததையும்.

வெளியே தந்தை இரகுவேல் உறங்கவில்லை. மருமகன் எப்படியும் சாவான் என்று எண்ணி, ஊரார் அறியாமல் புதைத்துவிட, நள்ளிரவில் பணியாளர்களை எழுப்பிக் குழி தோண்டினார். பிறகு பணிப்பெண்ணை விளக்கோடு அனுப்பினார். அவள் கதவைத் திறந்து பார்த்து வந்து, இருவரும் நன்றாக உறங்குகிறார்கள் என்றாள். இரகுவேல் கடவுளைப் போற்றினார். விடியுமுன் குழியை மூடச் சொன்னார். மனைவியிடம் நிறைய அப்பம் சுடுமாறு கூறிவிட்டு, தாமே மந்தைக்குச் சென்று இரண்டு காளைகளையும் நான்கு ஆட்டுக்கிடாய்களையும் ஓட்டி வந்தார். விருந்து பதினான்கு நாள் நடந்தது.